பாடநூலும் மனச்சாட்சியும்: கத்தோலிக்க அறநெறி இறையியலைப் போதித்தல் பற்றி

ஒரு சமுதாயத்தை அறிய விரும்புவோர், அதன் புண்ணியங்களைக் காட்டிலும், அது தன் பாவங்களை எவ்வாறு கணக்கிட்டது என்பதை நோக்குதல் நன்று. எதனைப் பாவமென்று பெயரிட்டது, எதனை மன்னிக்கத்தக்கதென்று ஒதுக்கியது, எதனைப் பாவமென்று காணவே தவறியது என்பவற்றை ஆராயுமிடத்து, அச்சமுதாயத்திலே அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதும் உடன் புலனாகும். இத்தகைய கணக்கேட்டை நூற்றாண்டுக் கணக்காக இடையறாது எழுதிவந்த நிறுவனங்களுள் கத்தோலிக்கத் திருச்சபை குறிப்பிடத்தக்கது. அக்கணக்கேட்டுக்கு அறநெறி இறையியல் என்று பெயர். குருமடங்களிலும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களிலும் அஃது இன்றும் ஒரு பாடம். அதனை இன்றைய மாணவருக்கு எவ்வாறு போதிப்பது என்னும் வினா, அத்திருச்சபையினுள்ளே பல்லாண்டுகளாகக் கடும் விவாதத்துக்கு உள்ளாகி வருகின்றது.

இவ்விவாதத்தில் எமக்கென்ன அக்கறை என்று வாசகர் சிலர் வினவக்கூடும். சமயத்தாரின் சர்ச்சைகளைச் சமயத்தாருக்கே விட்டுவிடலாம் என்னும் மனப்பான்மை முற்போக்காளர் பலரிடம் உண்டு. அது தவறென்பதே எமது கருத்து. நன்மை இது, தீமை இது என்று இளைஞருக்குக் கற்பிக்கும் பணி எங்கு நடைபெறினும், அங்கே நாளைய சமுதாயத்தின் ஒரு பகுதி உருவாக்கப்படுகின்றது. மேலும், பாடநூலும் ஓர் இலக்கிய வடிவமே. பேசுபவர் யார், எவரை நோக்கிப் பேசுகின்றார், எவருடைய குரல் அங்கே கேட்கவில்லை என்று ஒரு நாவலைக் குறித்து நாம் எழுப்பும் வினாக்களைப் பாடநூலைக் குறித்தும் எழுப்பலாம்; எழுப்பவும் வேண்டும்.

நாம் கூற வருவது சுருக்கமாக இதுதான்: அறநெறியைப் போதிக்கும் ஆசிரியர் அவ்வறநெறி கடந்துவந்த வரலாற்றை மாணவருக்கு மறைப்பாராயின், அவர் போதிப்பது அறநெறியன்று, கீழ்ப்படிதல் மாத்திரமே. இதனை நிறுவுதற்கு அத்திருச்சபையின் வரலாற்றிலிருந்தே சான்றுகளை எடுத்துக்கொள்வோம்.

ஆண்டுக்கு ஒரு முறையாயினும் ஒவ்வொருவரும் பாவசங்கீர்த்தனம் செய்தல் வேண்டும் என 1215இல் நான்காவது லாத்தரன் சங்கம் விதித்தது. சாவான பாவங்களை அவற்றின் வகை, தொகை, வகையை மாற்றும் சூழ்நிலை ஆகியவற்றுடன் அறிக்கையிடல் வேண்டும் என 1551இல் திரெந்து சங்கம் வரையறுத்தது. குருமாணவரைப் பயிற்றக் குருமடங்களை நிறுவும்படி அதே சங்கம் 1563இல் கட்டளையிட்டது. இம்மூன்றும் சேர்ந்தவிடத்தே ஒரு புதிய நூல்வகை பிறந்தது. பாவசங்கீர்த்தனக் கூட்டிலே அமரப்போகும் இளங்குரு, தன் முன் முழந்தாளிடுபவன் கூறும் செயல் எவ்வகைப் பாவம், எத்துணைப் பாரமானது, அதற்கு யாது பரிகாரம் எனத் தீர்மானித்தல் வேண்டும். அதற்குத் துணைசெய்ய எழுந்தவையே அறநெறி இறையியற் கைநூல்கள். இத்துறையின் பேராசானாகப் போற்றப்படும் புனித அல்போன்சு லிகோரியார் குருவாகுமுன் நேப்பிள்சு நகரிலே வழக்கறிஞராயிருந்தவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1748இல் முதன்முதல் வெளிவந்த அவரது நூலும், அதன் வழிவந்த நூல்களும், நீதிமன்றத்தின் வாடையைச் சுமந்தே நிற்கின்றன. மனிதன் அங்கே வழக்காளி, கடவுள் சட்டமியற்றுபவர், குரு நீதிபதி.

இக்கைநூல்களை எள்ளி நகையாடுதல் எளிது. ஆயின் அது நேர்மையாகாது. அவை வானத்தைப் பார்த்துப் பேசவில்லை. வணிகன் நிறையைக் குறைத்தால் என்ன, கூலி கிடைக்காத வேலைக்காரன் எசமானின் பொருளை எடுத்தால் அது களவா, பசித்தவன் பிறர் ரொட்டியை எடுத்துண்ணலாமா என்றெல்லாம் அவை நாளாந்த வாழ்வை நுணுகி ஆராய்ந்தன. லிகோரியார் தம் காலத்துக் கடுங்கோட்பாட்டாளருக்கு எதிராக ஏழை எளியவர் பக்கம் இரக்கத்தோடு நின்றவர். ஆயினும் வடிவம் தன் வேலையைச் செய்யாமல் விடுவதில்லை. வினா எழும், விடை தரப்படும், வினாவை எழுப்பும் உரிமை நூலாசிரியருக்கு மாத்திரமே உண்டு. வினாவிடை என்னும் இவ்வடிவம் எமக்குப் புதியதன்று. ஞானோபதேச வகுப்பிலே கத்தோலிக்கச் சிறுவர் அதனை மனனம் செய்தனர். பாதிரிமாரை எதிர்த்து நின்ற ஆறுமுக நாவலரும் சைவச் சிறுவருக்கென அதே வடிவத்தைக் கையாண்டார். விடையை மனனம் செய்த சிறுவன், கேட்கப்படாத வினா ஒன்றும் உண்டென எவ்வாறு அறிவான்?

அவ்வாறு கேட்கப்படாத வினாவுக்கு அடிமைமுறை தக்க எடுத்துக்காட்டு.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே கத்தோலிக்கருக்கென எழுதப்பட்ட முதற் பெரும் அறநெறிக் கைநூல் பிரான்சிசு பற்றிக் கென்றிக் என்பவரால் இலத்தீனில் ஆக்கப்பட்டு 1840களின் தொடக்கத்திலே பிலடெல்பியாவில் வெளியிடப்பட்டது. அவர் டப்ளினிற் பிறந்தவர், உரோமாபுரியிற் பயின்றவர், பிலடெல்பியாவிலே ஆயர் பணி புரிந்தவர். கொடியவரல்லர். சுதந்திரத்தைப் பெருமையாகப் பேசும் நாட்டிலே இத்தனை அடிமைகள் இருப்பதும், அவர்கள் எழுத்தறிவு பெறுவதைச் சட்டங்கள் தடுப்பதும் வருந்தத்தக்கவை என்று அவர் எழுதினார். ஆயினும், நிலைமை இதுவாதலின் சட்டத்துக்கு விரோதமாக எதுவும் செய்தல் கூடாது என்பதே அவரது முடிபு. ஆபிரிக்காவிலிருந்து அம்மக்களின் மூதாதையர் அநியாயமாகக் கொண்டுவரப்பட்டிருக்கலாம். எனினும் நெடுங்காலம் கழிந்தமையால் உடைமையாளரின் உரிமையிலிருந்த குறை நீங்கிவிட்டதெனக் கொள்ளலாம் என்றும் அவர் வாதித்தார். காலம் கடந்ததனாற் களவு உடைமையாயிற்று. மனச்சாட்சி உறுத்தும் உடைமையாளன் குருவிடம் வந்து கேட்பான். குரு கைநூலைப் புரட்டி அவனை ஆறுதலோடு அனுப்பிவைப்பார். அடிமைப் பெண் ஒருத்தி அதே குருவிடம் வந்து, "என்னை உடைமையாக வைத்திருப்பவர் பாவம் செய்கிறாரா?" என்று கேட்பாளென அந்நூல் எண்ணிப்பார்க்கவில்லை.

இஃது ஏட்டளவில் நின்றுவிட்ட விடயமன்று. அந்நூல் வெளிவருவதற்குச் சில ஆண்டுகளின் முன், 1838இல், மேரிலாந்திலிருந்த இயேசு சபையினர் தமக்குச் சொந்தமான 272 அடிமைகளை லூசியானாவின் பெருந்தோட்டங்களுக்கு விற்றனர். விலை 115,000 டொலர். பச்சிளங் குழந்தைகளும் அப்பட்டியலில் இருந்தனர். விற்கப்பட்டோர் பலர் அதே சபையினரிடம் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர். கிடைத்த பணத்தின் ஒரு பகுதி வாஷிங்டனிலுள்ள ஜோர்ஜ்டவுன் கல்லூரியின் கடனைத் தீர்க்க உதவியது. விற்பனையை நடத்தியவர் மாகாணத் தலைவரான தோமசு மல்லெடி. அவர் அக்கல்லூரியின் தலைவராகவும் இருந்தவர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. உரோமாபுரியிலிருந்த சபைத் தலைவர் யான் ரூதான் இவ்விற்பனைக்கு நிபந்தனைகளுடன் அனுமதி வழங்கியிருந்தார். குடும்பங்களைப் பிரித்தல் கூடாது. அவர்கள் தம் சமயத்தை அனுட்டிக்க வழிசெய்தல் வேண்டும். பணத்தைக் கடன் தீர்க்கப் பயன்படுத்துதல் கூடாது. கைநூலைக் கற்ற மனம் எவ்வாறு இயங்கும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. மனிதரை விற்கலாமா என்பது அங்கே வினாவன்று. எந்நிபந்தனைகளின் கீழ் விற்கலாம் என்பதே வினா. நிபந்தனைகளும் காற்றிற் பறந்தன, குடும்பங்கள் சிதறின. மல்லெடி பதவியிழந்து ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். சில ஆண்டுகளில் மீண்டு வந்து வேறொரு கல்லூரிக்குத் தலைவரானார். விற்கப்பட்டோர் மீளவில்லை.

இதனை ஒரு சிலரின் தனிப்பட்ட தீயகுணத்தின் விளைவென்று கூறிவிட்டால் நாம் எதனையும் கற்றுக்கொண்டவராக மாட்டோம். அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசராயிருந்த ரோஜர் டானி ஒரு கத்தோலிக்கர். தமக்கு உரிமையாக வந்த அடிமைகளை அவர் விடுதலை செய்தார். முதியோருக்கு உதவிப்பணமும் வழங்கினார். அதே டானிதான், கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிகளாக முடியாது என்று 1857இல் டிரெட் ஸ்கொட் வழக்கிலே தீர்ப்பளித்தார். பாவசங்கீர்த்தனக் கூட்டிலே அவருடைய கைகள் தூயவை. நீதிமன்றத்திலே அவருடைய பேனா இலட்சக்கணக்கானோரின் வாழ்வை நசுக்கிற்று. தனிமனிதனின் செயலை மாத்திரம் அளக்கும் கோலுக்கு முதலாவது தெரியும், இரண்டாவது தெரியாது. பாவம் ஒருவனுடைய உள்ளத்திலே மாத்திரமன்றிச் சட்டத்திலும் உடைமை உறவுகளிலும் உறைந்து நிற்கக்கூடும் என்னும் உண்மை அக்கைநூல்களின் பார்வைக்கு எட்டவில்லை. பாவத்தின் கட்டமைப்புகள் பற்றிப் பாப்பரசர் ஒருவரே தமது சுற்றுமடலில் விரிவாகப் பேசுதற்கு 1987 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

"அக்காலத்தவருக்கு அவ்வளவுதான் தெரியும், இன்றைய அளவுகோலால் அவர்களை அளக்கலாமா?" என்று சிலர் கேட்பர். இவ்வாதம் பார்வைக்கு வரலாற்று நோக்குடையதாய்த் தோன்றும். உண்மையில் அது வரலாற்றை அறியாமையின் விளைவு. 1681இலே, ஹவானா நகரில், பிரான்சிஸ்கோ யோசே டி ஹாக்கா, எப்பிபானியோ டி முவாரான் என்னும் கப்புச்சின் துறவிகள் இருவர், அடிமைகளை விடுவித்து அவர்கள் செய்த வேலைக்குரிய கூலியையும் கொடுத்தாலன்றி உடைமையாளருக்குப் பாவமன்னிப்பு இல்லை என்று போதித்தனர். அவர்களும் அதே இறையியலைக் கற்றவர்களே. அதே பரிகாரக் கோட்பாட்டையே எடுத்தாண்டனர். களவெடுத்தவன் களவுப்பொருளைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டுமெனில், களவெடுக்கப்பட்டது மனிதனின் உழைப்பாகும்போது அந்நியதி ஏன் பொருந்தாது என்று கேட்டனர். திருச்சபை அதிகாரிகள் அவர்களைச் சிறைப்படுத்தி, திருச்சபைக்குப் புறம்பாக்கி, நாடு கடத்தினர். அவர்கள் எழுதிய நூல்கள் நெடுங்காலம் அச்சேறாது கையெழுத்துப் படிகளாகவே கிடந்தன. 1684இல், லொரென்சோ டா சில்வா டி மென்டோன்சா என்னும் ஆபிரிக்க வழித்தோன்றல் உரோமாபுரிக்கே சென்று அடிமை வியாபாரத்தின் கொடுமைகளை எடுத்துரைத்து முறையிட்டார். அவற்றை விசாரணைத் திருமன்றம் 1686இற் கண்டித்தது; வியாபாரமோ நிற்கவில்லை.

ஆகவே, உண்மை அக்காலத்திலே தெரியாதிருக்கவில்லை. தெரிந்தவர்களின் நூல் அச்சேறவில்லை; தெரியாதவர்களின் நூல் பாடமாயிற்று. எந்த நூல் பாடநூலாகிறது என்பதைத் தீர்மானிப்பது தர்க்கத்தின் வலிமை மாத்திரமன்று என்பதை மாணவர் இதனின்றும் கற்கலாம்.

பின்னர் நிகழ்ந்த மாற்றமும் ஆராயத்தக்கது. 1839இல் பாப்பரசர் பதினாறாம் கிரகோரியார் அடிமை வியாபாரத்தைக் கண்டித்துக் கடிதம் வெளியிட்டார். அக்கடிதம் கடல்கடந்த வியாபாரத்தையே கண்டிப்பதன்றி நாட்டினுள் நிலவும் அடிமைமுறையைக் கண்டிப்பதன்று என்று சாள்ஸ்டன் ஆயர் ஜோன் இங்கிலண்ட் விளக்கங் கூறினார். அடிமைமுறை தன்னளவிலே இயற்கைச் சட்டத்துக்கு முரணானதன்று என 1866இல் விசாரணைத் திருமன்றமே விடையளித்தது. அதாவது, அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, அந்நாட்டுச் சட்டம் அடிமைமுறையை ஒழித்துவிட்டதன் பின்னர்! 1965இல் இரண்டாவது வத்திக்கான் சங்கம் மனித மாண்புக்கு இழுக்கானவற்றின் பட்டியலில் அடிமைத்தனத்தையும் சேர்த்தது. 1993இல் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட அறநெறி பற்றிய சுற்றுமடல் அப்பட்டியலை எடுத்தாண்டு, எச்சூழ்நிலையிலும் எந்நோக்கத்துக்காகவும் நியாயப்படுத்த முடியாத, தன்னியல்பிலேயே தீயனவாகிய செயல்களுக்கு அதனை எடுத்துக்காட்டாக வைத்தது. 1866இலே தன்னளவில் தீயதல்லாதது 1993இலே தன்னியல்பிலேயே தீயதாயிற்று. இம்மாற்றத்தை நாம் வரவேற்கிறோம். ஆயின், அறநெறி மாறாதது என்பதை வலியுறுத்த எழுந்த அச்சுற்றுமடல், தன் போதனை இவ்விடயத்தில் மாறியதென்பதை ஒரு சொல்லாலேனும் ஒப்புக்கொள்ளவில்லை. அறிவு மிக்க மாணவன் ஒருவன் இவ்விரு கூற்றுகளையும் அருகருகே வைத்துக் கேட்டால் ஆசிரியர் என்ன விடை கூறுவார்? இன்று அறநெறி இறையியலைப் போதிப்போர் எதிர்கொள்ளும் உண்மையான சோதனை இதுவே.

இச்சோதனையை நேர்மையோடு எதிர்கொண்டவர்களும் அத்திருச்சபையில் இருந்தனர். ஜெர்மானியரான பெர்ணாட் ஹேரிங் அவர்களுள் முக்கியமானவர். லிகோரியார் நிறுவிய சபையைச் சேர்ந்த இக்குரு, இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் படையின் மருத்துவப் பிரிவிலே கட்டாய சேவை செய்து ருஷ்யப் போர்முனையைக் கண்டவர். ஞானோபதேசத்தை மனனம் செய்து, பாவங்களை வகைதொகையாக அறிக்கையிடப் பழகியிருந்த கிறிஸ்தவர்கள், ஹிட்லரின் கட்டளைகளுக்கு மறுப்பின்றிக் கீழ்ப்படிந்ததை அவர் கண்ணாரக் கண்டார். கீழ்ப்படிதலை மையமாகக் கொண்ட அறநெறி மனிதனைக் கொடுமையினின்றும் காக்கவில்லை; கொடுமைக்கு ஆயத்தப்படுத்தியது என்னும் முடிபுக்கு அவர் வந்தார். 1954இல் வெளிவந்த அவரது பெருநூல், சட்டத்தின் இடத்திலே பொறுப்பை வைத்தது. 1965இல் வத்திக்கான் சங்கம் அறநெறி இறையியலைச் செம்மைப்படுத்திக் கற்பிக்க வேண்டுமென்றும், அது வேதாகமத்தில் வேரூன்றுதல் வேண்டுமென்றும் கேட்டதன் பின்னணியிலே இவருடைய உழைப்பும் இருந்தது. பழைய கைநூல்கள் வகுப்பறைகளைவிட்டு விரைவாக மறைந்தன.

ஆயினும் கைநூல் மறைந்ததனால் கைநூலின் மனப்பான்மையும் மறைந்துவிடவில்லை. குடும்பக் கட்டுப்பாடு பற்றி ஆராய நியமிக்கப்பட்ட குழுவின் பெரும்பான்மையோர் மாற்றத்தை ஆதரித்தபோதிலும், 1968இல் ஆறாம் பவுல் பழைய தடையையே உறுதிசெய்தார். அதனோடு இணங்காத ஆசிரியர்களின் நிலை கடினமாயிற்று. வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் அறநெறி இறையியல் கற்பித்த சாள்ஸ் கரனை 1967இல் நீக்க முயன்றபோது, மாணவரும் ஆசிரியரும் வேலைநிறுத்தஞ் செய்து அம்முடிவை மாற்றினர். ஆயின் 1986இல், கத்தோலிக்க இறையியலைக் கற்பிக்க அவர் தகுதியுடையவரல்லர் என்று உரோமாபுரி தீர்ப்பளித்தது. அவர் அப்பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. ஹேரிங்கும் 1970களில் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டார்.

1993ஆம் ஆண்டுச் சுற்றுமடலின் அச்சத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட விரும்பவில்லை. விளைவு நன்றாயின் எச்செயலும் நன்றே என்று கொள்ளுமிடத்து, சித்திரவதைக்கும் நியாயம் கற்பிக்கலாம். பெருந்தொகையானோரின் நன்மைக்கென்று சிறுதொகையானோரைப் பலியிடலாம். எந்த அதிகாரமும் செய்யத் துணியக்கூடாத செயல்கள் சில உண்டென்பது ஒடுக்கப்பட்டோருக்கே அரண். அவ்வரணை இடிக்குமாறு நாம் கேட்கவில்லை. அது யாருடைய குருதியினால் எழுப்பப்பட்டது, எத்தனை காலம் எழுப்பப்படாதிருந்தது என்பதை மாணவருக்குச் சொல்லும்படியே கேட்கின்றோம்.

பழைய கைநூலுக்கு மாற்றாக இன்று பல வகுப்பறைகளிலே புகுந்துள்ள வேறொரு முறையும் எமக்கு உடன்பாடன்று. "நீ என்ன நினைக்கிறாய்? அவன் என்ன நினைக்கிறான்? அவரவர் கருத்து அவரவருக்கு" என்று உரையாடி, மணியடித்ததும் கலைந்துபோகும் வகுப்பு அது. பார்வைக்கு இது சுதந்திரம்போலத் தோன்றும். கைநூல் மாணவனின் வாயை அடைத்தது. இது அவன் வாயைத் திறந்துவிட்டு, அவன் கூறுவதைப் பொருட்படுத்தாது விடுகிறது. அறநெறியைச் சந்தைப் பண்டம்போல் அவரவர் விருப்பத்துக்குத் தெரிந்தெடுக்கப் பழக்கும் இம்முறை, சந்தையையே கடவுளாகக் கொண்ட சமுதாயத்துக்கு மிகவும் வசதியானது. அடிமையை விற்றவனுக்கும் ஒரு கருத்து இருந்தது. கருத்து என்றமட்டில் அதுவும் அவனுக்குரியதே.

இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்ட கல்வி எத்தகையதாயிருக்கும் என்பதற்கு, முன்னர் குறிப்பிட்ட ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகமே ஓர் அடையாளம் தருகின்றது. 2015இல் அப்பல்கலைக்கழக மாணவர், மல்லெடியின் பெயரைத் தாங்கிய கட்டடத்தின் பெயரை மாற்றுமாறு போராடினர். 2017இல் பல்கலைக்கழகமும் இயேசு சபையினரும் விற்கப்பட்டோரின் சந்ததியாரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டனர். விற்பனைப் பட்டியலில் முதலாவதாக இருந்த ஐசாக் ஹோக்கின்ஸ் என்பவரின் பெயர் அக்கட்டடத்துக்கு இடப்பட்டது. 2019 ஏப்ரலில், மாணவர் ஒவ்வொருவரும் பருவந்தோறும் 27 டொலர் 20 சதம் செலுத்தி அச்சந்ததியாரின் நலனுக்கென ஒரு நிதியை அமைக்கலாமா என்று வாக்கெடுப்பு நடைபெற்றது. 272 பேரின் நினைவாகவே அத்தொகை தெரிவு செய்யப்பட்டது. வாக்களித்தவர்களுள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் ஆம் என்றனர். அவ்வாக்கு நிருவாகத்தைக் கட்டுப்படுத்துவதன்று. நிருவாகமோ கட்டணத்துக்குப் பதிலாக நன்கொடை மூலம் பணம் திரட்டுவதாக அறிவித்தது. மாணவர் கேட்டது கடமை. நிருவாகம் தெரிந்தெடுத்தது தருமம். இவ்விரு சொற்களுக்கும் இடையேயுள்ள தூரத்தை விளக்கினால், அதுவே ஓராண்டுப் பாடத்துக்குப் போதுமானது.

அவ்வாக்கெடுப்பை எதிர்த்தவரின் வாதமும் செவிகொடுக்கத்தக்கதே. "நூற்றெண்பது ஆண்டுகளின் முன் யாரோ செய்த குற்றத்துக்கு நாம் ஏன் பணங்கொடுக்க வேண்டும்? நாம் எவரையும் விற்கவில்லையே!" என்று அவர்கள் கேட்டனர். பழைய கைநூலின் வழியே நோக்கினால் இவ்வாதத்துக்கு மறுப்பில்லை. செய்யாத பாவத்துக்கு அறிக்கையும் இல்லை, பரிகாரமும் இல்லை. ஆயின் குற்றம் வேறு, பொறுப்பு வேறு. அம்மக்களின் விலையினாலே காப்பாற்றப்பட்ட கல்லூரியில் அமர்ந்து கற்பவன் குற்றவாளியல்லன். ஆயினும் அவன் கற்கும் கல்வி எவ்விலைக்கு வாங்கப்பட்டது என்பதை அறிந்த கணத்திலிருந்து அவனுக்கு ஒரு பொறுப்பு உண்டாகின்றது. ஹவானாவிலே துறவியர் இருவர் சொன்னதும், முந்நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகளின் பின் இம்மாணவர் வாக்களித்ததும் ஒன்றையே: பறிக்கப்பட்டது திருப்பிக் கொடுக்கப்படல் வேண்டும்.

ஆகவே, இத்துறையைக் கற்பிப்போர் செய்யவேண்டியவை மூன்று என நாம் கருதுகின்றோம். முதலாவது, போதனை மாறிய இடங்களை மறைக்காது காட்டுதல். வட்டி வாங்குதல், அடிமைமுறை, சமயச் சுதந்திரம் ஆகிய மூன்றிலும் திருச்சபை நின்ற இடமும் வந்துசேர்ந்த இடமும் வெவ்வேறு. 2018இலே மரண தண்டனை பற்றிய போதனையைப் பாப்பரசர் பிரான்சிசு மாற்றி, அஃது ஏற்கத்தகாததென ஞானோபதேச நூலிலே எழுதுவித்தார். அவர் 2025இற் காலமானார். இன்றைய மாணவர் தம் வாழ்நாளிலேயே கண்ட மாற்றம் இது. இரண்டாவது, பாதிக்கப்பட்டவனின் குரலை வகுப்பறைக்குக் கொணர்தல். கென்றிக்கைப் படிப்பிக்கும் ஆசிரியர் மென்டோன்சாவையும் படிப்பித்தல் வேண்டும். மூன்றாவது, இன்று நாம் காணத் தவறுவது யாது என்னும் வினாவை மாணவரே எழுப்ப இடங்கொடுத்தல். நேற்றைய கைநூலுக்கு அடிமை தெரியவில்லை. இன்றைய கைநூலுக்குத் தெரியாதவர் யார்? நாம் அணியும் ஆடையைத் தைத்தவரா, அருந்தும் தேநீரின் கொழுந்தைப் பறித்தவரா? இவ்வினாவுக்கு நூலிலே விடை இராது.

இறுதியாக எமது நாட்டை நோக்குவோம். கொழும்பிலே அக்குவைனாசு பல்கலைக்கழகக் கல்லூரியின் தலைவராயிருந்தவரும், 1971இல் சமயத்துக்கும் சமூகத்துக்குமான நிலையத்தை நிறுவியவருமான திஸ்ஸ பாலசூரிய அடிகளார், 1990இல் வெளியிட்ட நூலொன்றுக்காக 1997 ஜனவரியில் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். உலகெங்கும் எழுந்த எதிர்ப்பின் பின் மறு ஆண்டு அத்தண்டனை நீக்கப்பட்டது. அவர்மீது சாட்டப்பட்டவை விசுவாசக் கோட்பாடு பற்றிய குற்றங்களேயன்றி அறநெறி பற்றியவையல்ல. எனினும், ஏழை நாடொன்றிலே வாழும் மனிதர் உரோமாபுரியில் எழுதப்பட்ட விடைகளை எடுத்து, தம் மண்ணின் வினாக்களோடு ஒப்பிடத் துணிந்தால் என்ன நேரும் என்பதை அவ்வரலாறு எமக்குக் காட்டிற்று. எமது பாடசாலைகளிலோ சமயம் நெடுங்காலமாகப் பரீட்சைப் பாடமாயிருந்து வருகின்றது. கத்தோலிக்கம் மாத்திரமன்று, சைவமும் பௌத்தமும் இஸ்லாமும் அவ்வாறே. அன்பே பெரிது என்று எழுதிய விடைக்குப் புள்ளி கிடைக்கும். விடை எழுதியவன் பக்கத்து வாங்கிலிருப்பவனைச் சாதி பார்த்து ஒதுக்கினால் அப்புள்ளி குறைவதில்லை.

அடக்குமுறைக்கு உதவிய நூல்கள் யாவும் தீயோரால் எழுதப்பட்டவையல்ல. அவற்றுட் பல கற்றோரால், இரக்கமுடையோரால், கடவுளுக்கு அஞ்சியவரால் எழுதப்பட்டன. அவர்கள் விடைகளிலே தவறினரென்பதிலும், வினாக்களை எழுப்பும் உரிமையைத் தமக்கே வைத்துக்கொண்டனர் என்பதே பொருந்தும். அவ்வுரிமையை மாணவரிடம் கையளிக்க அஞ்சும் ஆசிரியர் எந்தச் சமயத்தவராயினும், எந்தக் கொள்கையினராயினும், கென்றிக்கின் கைநூலையே வேறு அட்டையிட்டுப் படிப்பிக்கின்றார். எமது கையிலுள்ள நூலையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் எம் ஒவ்வொருவரதும் கடனாகும்.